வாசகர் கேள்விகள்: இறைநம்பிக்கையில் பிறந்த தொழிலுக்குச் சட்ட வடிவமும் பெயரும்

கேள்வி: எங்கள் வழிபாட்டுக் குழுவினர் சிலர் சேர்ந்து, வருமானம் இல்லாத பெண்களுக்குத் தையல் பயிற்சி அளித்து, அவர்கள் தைக்கும் உடைகளை விற்கும் தொழில் ஒன்றைத் தொடங்கவிருக்கிறோம். அறக்கட்டளையாகப் பதிவு செய்தால் மதிப்பு கூடும் என்கிறார் ஒருவர். கூட்டுறவுச் சங்கமே பொருத்தம் என்கிறார் இன்னொருவர். கம்பெனியே நல்லது என்கிறார் கணக்கர். நாங்கள் எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: மூவரும் வடிவத்தைப் பற்றிப் பேசுகிறார்களே தவிர, உபரி யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. ஆண்டு முடிவில் செலவு போக மிஞ்சும் பணம் தைத்த பெண்களுக்கே உரியதா, தொழிலிலேயே மீண்டும் போடப்பட வேண்டியதா, முதல் போட்டவர்களுக்கும் அதில் ஓரளவு பங்கு உண்டா என்பதை முதலில் எழுதி, அனைவரும் கையெழுத்திடுங்கள். அதன்பின் தேர்வுக்கு அதிக வடிவங்கள் மிஞ்சாது.

அறக்கட்டளைக்குப் பெரியோர் மனத்தில் ஒரு மரியாதை இருப்பது உண்மைதான். ஆனால் அது ஒரு சொத்தைக் குறிப்பிட்ட நோக்கத்துக்காகக் காத்து வைக்க ஏற்பட்ட ஏற்பாடு; அன்றாடம் வாங்கி விற்கும் தொழிலுக்காக ஏற்பட்டதன்று. ஆங்கிலேயச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில் அறக்கட்டளைக்கு நிறுவனத்தைப் போலத் தனிச் சட்ட ஆளுமை, அதாவது தன் பெயரிலேயே ஒப்பந்தம் செய்யவும் கடன்படவும் உள்ள தகுதி, பொதுவாக இல்லை; ஒப்பந்தங்கள் அறங்காவலர்களின் பெயரிலேயே எழுதப்படுவதால், கடன் முற்றினால் சுமை அவர்களின் சொந்தத் தலையில் விழக்கூடும். மேலும், தைக்கும் பெண்கள் அங்கே பயனாளிகளாக இருப்பார்களே ஒழிய, தீர்மானம் எடுப்பவர்களாக இருக்க மாட்டார்கள். உங்கள் நோக்கத்துக்கு இது ஒத்துவராது என்பதே என் கருத்து.

கூட்டுறவில் முதல் எவ்வளவு போட்டாலும் ஆளுக்கு ஒரே வாக்கு. உபரியும் உழைப்பை ஒட்டியோ கொள்முதலை ஒட்டியோ பகிரப்படுகிறது. சமய ஊக்கத்தால் பிறந்து உலகப் பெயர் பெற்ற தொழில்களில் பல இந்த வழியில் வந்தவையே. ஸ்பெயினின் மோந்த்ராகோன் கூட்டுறவுகளுக்கு வித்திட்டவர் ஹோசே மரியா அரிஸ்மெந்தியாரியெத்தா என்ற கத்தோலிக்கப் பாதிரியார். அவரிடம் பயின்ற ஐவர் 1956இல் தொடங்கிய முதல் தொழிற்சாலைக்கு, தங்கள் ஐந்து பெயர்களின் எழுத்துகளைக் கோத்து ‘உல்கோர்’ என்று பெயரிட்டார்கள். பெயரில் சமயச் சாயல் சிறிதும் இல்லை. உரிமையும் வாக்கும் தொழிலாளர்களிடம் இருக்க வேண்டும் என்ற விதிகளில்தான் அந்த நம்பிக்கை வெளிப்பட்டது. அந்த விதிகளைச் சட்டம் ஏற்கும் வடிவில் அமைக்க அவர்களுக்கே சில ஆண்டுகள் பிடித்தன என்பதால், உங்கள் குழு சில மாதங்கள் விவாதிப்பதைக் குறையாகக் கருத வேண்டாம்.

கணக்கர் சொல்லும் கம்பெனி, லாப நோக்கமற்ற கம்பெனியாக இருந்தால் அதுவும் நல்ல வழியே. இந்தியாவில் 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 8ஆம் பிரிவு, சமூகநலம், கல்வி, சமயம், அறம் போன்ற நோக்கங்களுக்கு இதை அனுமதிக்கிறது. உறுப்பினர்களுக்கு ஈவுத்தொகை தரக் கூடாது என்பது நிபந்தனை. பிரிட்டனில் 2005இல் நடைமுறைக்கு வந்த சமூகநல நிறுவனம் என்ற வடிவம் சற்று நெகிழ்வானது: பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகை தரலாம், ஆனால் பகிரத்தக்க லாபத்தில் மொத்தம் 35 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது, நிறுவனத்தின் சொத்தைச் சமூக நோக்கத்தைவிட்டு வெளியே கொண்டுபோகவும் முடியாது. பெண்களே உரிமையாளர்களாக வேண்டுமென்றால் கூட்டுறவு. நீங்களே பொறுப்பேற்று நடத்தி, உபரி முழுவதையும் பயிற்சிக்கே செலவிடுவதென்றால் லாப நோக்கமற்ற கம்பெனி.

கேள்வி: எங்கள் வேதநூலின் பெயரையே நிறுவனத்துக்கு வைக்க விரும்புகிறோம். தடை ஏதும் உண்டா?

பதில்: பெயரைப் பதிவாளர் ஏற்பது ஒன்று, அந்தப் பெயர் உங்களுக்கே உரியது என்று சட்டம் காப்பது வேறொன்று. இந்தியாவில் ஊதுபத்தி வணிகர் ஒருவர் ‘ராமாயண்’ என்ற பெயரை வணிகச் சின்னமாகக் கோரிய வழக்கில், புனித நூலின் பெயரைத் தனியொருவர் தம் சரக்குக்கு உரிமை கொண்டாட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. சமய உணர்வைப் புண்படுத்தக்கூடிய சின்னங்களைப் பதிவு செய்யலாகாது என்று 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டமும் கூறுகிறது. ஆகவே நூலின் பெயரை அப்படியே வைத்தால், நாளை வேறொருவர் அதே பெயரில் உடை விற்றாலும் உங்களால் தடுப்பது கடினம். அதைத் தனித்து அடையாளம் காட்டும் வேறு சொல்லோடு சேர்த்தால் வாய்ப்பு ஓரளவு கூடும்.

சட்டத்தை விடுத்துப் பார்த்தாலும் எனக்கு இதில் தயக்கம் உண்டு. ஒரு சட்டை சாயம் போனால் வாடிக்கையாளர் கடையின் பெயரைச் சொல்லித்தான் குறை கூறுவார். அங்கே வேதநூலின் பெயர் அடிபடுவதை உங்கள் குழுவின் மூத்தவர்களே விரும்ப மாட்டார்கள். உயிரோடு இருக்கும் குருவின் பெயர் இன்னும் சிக்கலானது: அவர் மனம் மாறலாம், அவருக்குப் பின் வருபவர்கள் உரிமை கோரலாம். நம்பிக்கையை வெளிப்படையாகச் சொல்ல வேண்டிய இடம் நிறுவன ஆவணத்தின் நோக்கப் பிரிவு. அங்கே எழுதியது இயக்குநர்களைக் கட்டுப்படுத்தும். பெயர்ப்பலகைக்கு அந்த ஆற்றல் இல்லை. ஒருவேளை பெயரை மாற்ற நேர்ந்தாலும் கலங்க வேண்டியதில்லை; 1865இல் லண்டனில் தொடங்கி ‘கிறித்தவ மிஷன்’ என்று இயங்கிய அமைப்புதான் 1878இல் ‘சால்வேஷன் ஆர்மி’ என்ற கிறித்தவத் தொண்டு அமைப்பாகப் பெயர் மாறியது.

கேள்வி: எங்கள் சமயத்தார் மட்டுமே உறுப்பினராகலாம் என்று விதி எழுதலாமா?

பதில்: நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். சமய வேறுபாடின்றி எவரையும் சேர்ப்பது, சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டமைப்பு 1995இல் ஏற்ற கோட்பாடுகளில் முதலாவது. எனினும் பார்சி சமூகத்தாரின் வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று, தம்மவர்க்கு மட்டும் என்று வைத்திருந்த விதி செல்லும் என இந்திய உச்ச நீதிமன்றம் 2005இல் கூறியிருக்கிறது. ஆக, எழுதலாம் என்றாலும், நீங்கள் எழுத வேண்டாம் என்பேன். உங்கள் தையல் பெண்களில் பாதிப்பேர் வேறு சமயத்தவராக இருந்தால் என்ன செய்வீர்கள்? அதோடு, ஒரு சமயத்தாருக்கு மட்டுமே பயன்படும் அமைப்புகளுக்கு, நன்கொடைக்கான வரிச்சலுகை கிடைப்பதும் இந்தியாவில் அரிது.

கேள்வி: பதிவு முடியும்வரை வழிபாட்டுக் குழுவின் வங்கிக் கணக்கிலேயே வரவு செலவு செய்யலாமா?

பதில்: வேண்டாம். காணிக்கையும் விற்பனைப் பணமும் ஒரே கணக்கில் கலந்தால், பிறகு எது யாருடையது என்று தணிக்கையாளராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பதிவு கிடைக்கும்வரை விற்பனையைத் தள்ளி வையுங்கள். பயிற்சியை மட்டும் இப்போதே தொடங்கலாம்.