அந்த ஒருவர் லீவு போட்டால்?

(உற்பத்திப் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மேலாளர் ஒருவர், நிர்வாகம் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: நாற்பது பேர் வேலை செய்யும் உதிரிபாகத் தொழிற்கூடம் நடத்துகிறேன். எல்லோரும் பத்து, பதினைந்து வருட அனுபவசாலிகள். புது மெஷின்களும் வாங்கிப் போட்டிருக்கிறேன். ஆலோசனை சொல்ல வந்தவரோ, “உங்களிடம் திறமைசாலிகள் இருக்கிறார்கள், நிறுவனத் திறன் இல்லை” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இரண்டும் ஒன்றுதானே?

பதில்: ஒன்றில்லை. அவர் சொன்னது உங்களைச் சுட்டிருக்கும். எனக்கும் ஒரு காலத்தில் சுட்டது.

என் பிரிவில் ஷாஃப்ட் என்ற சுழல்தண்டைக் கல்லால் தேய்க்கும் கிரைண்டிங் மெஷின் ஒன்று இருந்தது. அதை வேலைக்குத் தயார்படுத்தும் செட்டருக்குக் கைராசிக்காரர் என்று பெயர். முதுகில் அறுவை சிகிச்சை என்று ஒருமுறை மூன்று வாரம் லீவில் போனார். மெஷின் அதே, கல் அதே, வரைபடம் அதே. அவருக்குப் பதிலாக நின்றவரும் கற்றுக்குட்டி இல்லை. மூன்றாம் நாளே ரிஜெக்ட் தட்டு நிரம்பிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், கோளாறெல்லாம் காலையில் முதல் ஒன்றரை மணி நேரத்தில்தான். அதற்குப் பிறகு வந்தவை சுத்தமாக இருந்தன. கூலன்டை மாற்றினோம், கல்லை மாற்றினோம், ஆளைத் திட்டினோம்.

அவர் திரும்பி வந்த அன்று பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஷிப்ட் தொடங்க அரை மணி முன்பே வந்தார். மெஷினை வெறுமனே ஓடவிட்டார். கல்லைச் சுழற்றும் ஸ்பிண்டில் பக்கம் புறங்கையை வைத்துப் பார்த்தார். சூடு போதும் என்று பட்ட பிறகுதான் முதல் துண்டை மாட்டினார். முதல் ஐந்து துண்டுகளையும் மைக்ரோமீட்டரில் அளந்து, வந்த வரிசையிலேயே துணி மேல் அடுக்கினார். அளவு எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து ஒரு சின்னத் திருத்தம், அவ்வளவுதான். “இதை இத்தனை வருஷமாக ஏன் சொல்லவில்லை?” என்றேன். “யாரும் கேட்கலையே சார்” என்றார்.

குளிர்ந்து கிடந்த மெஷின் ஓடிச் சூடு நிலைக்கும்வரை அளவு நகர்ந்துகொண்டே இருக்கும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டு என்ன, தினமும் அதற்கு ஏதாவது செய்தவர் அவர் ஒருவர்தான்.

அப்புறம் என்ன செய்தோம்? அந்த அரை மணியைச் சம்பளக் கணக்கில் சேர்த்தோம் (அதுவரை அவர் இனாமாகத்தான் செய்திருக்கிறார், வெட்கமாக இருந்தது). ஐந்து துண்டுகளின் அளவை எழுத மெஷினருகே ஒரு பலகை மாட்டினோம். இரண்டு இளைஞர்களை ஒரு மாதம் அவருடனேயே நிறுத்தினோம். ஷிப்ட் மாறும்போது போகிறவரும் வருகிறவரும் கால் மணி நேரம் சேர்ந்து நிற்க வேண்டும் என்றோம். உடனே பலித்துவிடவில்லை. அளக்காமலே பலகையில் எண் போட்டவர்கள் உண்டு. ஐந்து துண்டும் ஒரே அளவு காட்டினால் எனக்குத் தெரிந்துவிடும். நாலைந்து மாதம் இழுபறி. இரண்டு வருடம் கழித்து அவர் ஓய்வுபெற்றார், ரிஜெக்ட் ஏறவில்லை.

அந்த வேலை அவர் கையிலிருந்து தொழிற்சாலையின் கைக்கு வந்துவிட்டது. நிறுவனத் திறன் என்று உங்களிடம் சொன்னது இதைத்தான்: எந்த ஷிப்ட்டில் யார் நின்றாலும் ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் சரியாகச் செய்துமுடிக்கும் வல்லமை. ரிச்சர்ட் நெல்சன், சிட்னி வின்டர் என்ற பொருளியலாளர்கள் 1982-இல் இதை வேறு விதமாகச் சொன்னார்கள். ஒரு நிறுவனத்தின் ஞாபகம் அதன் அன்றாட நடைமுறைகளில்தான் தங்கியிருக்கிறது என்றார்கள்.

உங்களிடம் அது இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமா? உங்கள் முக்கியமான ஆளைச் சம்பளத்தோடு இரண்டு வாரம் லீவில் அனுப்புங்கள். போனில் கூப்பிடக் கூடாது, நீங்களும்தான். எங்கெங்கே முட்டுகிறது என்று ஒரு தாளில் குறித்துவாருங்கள்.

கேள்வி: நல்ல பெயரெடுத்த தொழிற்சாலை ஒன்றைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, அதே பலகைகள், அதே படிவங்கள் எல்லாம் வைத்தோம். ஒரு வருடமாகியும் எதுவும் மாறவில்லையே?

பதில்: உங்களைவிடப் பெரியவர்களே இதில் திணறியிருக்கிறார்கள். கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்ற இடத்தில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு கார் ஆலை இருந்தது. தகராறு, தரக்குறைவு, சொல்லாமல் மட்டம் போடுவது என்று பெயர் கெட்டு, 1982-இல் மூடப்பட்டது. 1984-இல் டொயோட்டாவுடன் கூட்டு வைத்து ‘நும்மி’ என்ற பெயரில் அதையே திறந்தார்கள். தொழிலாளர்களில் பெரும்பாலோர் பழையவர்கள், சங்கமும் பழையதே. கொஞ்ச காலத்திலேயே அங்கிருந்து வந்த கார்களின் தரத்தை ஜப்பான் ஆலைகளோடு ஒப்பிட்டுப் பேச ஆரம்பித்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஆட்களை அங்கே அனுப்பி, எல்லாவற்றையும் பார்க்கவிட்டது. அப்படியும் மற்ற ஆலைகளில் அதைக் கொண்டுவரப் பல வருடங்கள் பிடித்தன.

அங்கே கார்களைப் பூட்டும் வரிசை நெடுக ஒரு கயிறு தொங்கியது. கோளாறு கண்ட தொழிலாளி அதை இழுக்கலாம். இழுத்தால் குழுத் தலைவர் ஓடிவருவார். உடனே தீராவிட்டால் வரிசையே நிற்கும். கயிற்றை யாரும் வாங்கி மாட்டிவிடலாம். “எவன்டா லைனை நிறுத்தினது?” என்று சூப்பர்வைசர் கத்துகிற இடத்தில் இரண்டாம் முறை அதை யார் தொடுவார்கள்? உங்கள் பலகையில் முதன்முதலாக மோசமான எண்ணை எழுதினாரே ஒருவர், அன்று சாயங்காலம் அவருக்கு என்ன நடந்தது? அதை விசாரியுங்கள்.

கேள்வி: நிர்வாகவியல் மாணவி நான். மையத் திறன், நிறுவனத் திறன் இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

பதில்: நிறுவனத் திறன்கள் பல இருக்கும்; சம்பளம் தேதி தவறாமல் போடுவதும் ஒன்றுதான். அவற்றில் எது உங்களைப் போட்டியாளரிடமிருந்து பிரித்துக் காட்டி, பல பொருள்களுக்குக் கை கொடுக்கிறதோ அது மையத் திறன். நிர்வாகவியல் அறிஞர்களான சி.கே. பிரஹலாதும் கேரி ஹாமெலும் 1990-இல் எழுதிய கட்டுரையால் பரவிய சொல் இது. ஹோண்டாவுக்கு எஞ்சின்: பைக், கார், புல் வெட்டும் இயந்திரம், ஜெனரேட்டர் எல்லாவற்றிலும் அதுவே நிற்கிறது. தேர்வுக்கு இது போதும்.

கேள்வி: திறனை வளர்த்துக்கொண்டே போனால் பாதுகாப்புதானே?

பதில்: அப்படிச் சொல்ல மாட்டேன். ஃபிலிம் கம்பெனியான கோடாக்கைப் பார்த்து, “தூங்கிவிட்டார்கள்” என்று எல்லோரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1975-இலேயே அங்கே பொறியாளராக இருந்த ஸ்டீவன் சாசன் டிஜிட்டல் கேமரா செய்து காட்டிவிட்டார். 2005-இல் அமெரிக்காவில் டிஜிட்டல் கேமரா விற்பனையில் கோடாக் முதலிடத்தில்கூட இருந்தது. ஆனால் அவர்களுடைய நிஜமான வல்லமை வேறு: படலத்தின் மேல் ரசாயனத்தை மெல்லிய அடுக்குகளாக, பிசகாமல் பூசுவது. லாபமும் அதில்தான் வந்தது. சிப்பும் சென்சாரும் வைத்த கேமராவில் அந்தக் கைப்பக்குவத்துக்கு வேலை இல்லை. 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனார்கள்.

அதே ஃபிலிம் தொழிலில் இருந்த ஃபியூஜிஃபிலிம், “எங்களுக்கு என்ன தெரியும்?” என்று கேட்டுப் பார்த்தது. ஃபிலிமில் இருக்கும் ஜெலட்டின் கொலாஜன் என்ற புரதத்திலிருந்து வருவது, தோலிலும் அந்தப் புரதம் இருக்கிறது. நிறம் மங்காமல் காக்கும் ரசாயனமும் கைவசம். 2006-இல் சருமப் பூச்சு விற்க ஆரம்பித்தார்கள். எல்சிடி திரைகளுக்கான படலம் இன்னொரு பக்கம். கைப்பழக்கம் பழையது, கொண்டுபோன இடம்தான் வேறு. நிர்வாகவியல் ஆய்வாளர் டோரதி லெனார்ட்-பார்ட்டன் 1992-இல், ஒரு காலத்தில் பலமாக இருந்த திறனே பிறகு விறைத்துப்போய்க் காலைக் கட்டும் என்று எழுதினார். எந்தத் திறனில் உங்களுக்கு நல்ல லாபம் வருகிறதோ, அதை முதலில் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: எங்கள் மேலாளர் 120 பக்கத்துக்குச் செயல்முறைக் கையேடு எழுதி வைத்திருக்கிறார். இனி கவலையில்லை என்கிறார். உண்மையா?

பதில்: கையேட்டைப் புரட்டி, எந்தெந்தப் பக்கங்களில் எண்ணெய்க் கறை படிந்திருக்கிறது என்று பாருங்கள். அவை இருக்கட்டும். மற்றப் பக்கங்களை மேலாளர் கையில் கொடுத்து, மெஷின் ஓடும்போது ஆபரேட்டர் பக்கத்தில் நின்று ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ஆபரேட்டர் எந்த வரியில் சிரிக்கிறாரோ, அங்கே ஒரு பென்சில் கோடு போட்டு வையுங்கள்.