ஆச்சியைப் பற்றி யாரிடம் கேட்பது?

கேள்வி: மும்பை செம்பூரில் இருக்கிறேன். விளாத்திகுளம் பக்கத்தில் ஒரு கரிசல்காட்டுக் கிராமத்தில் என் ஆச்சி 1959 முதல் 1998 வரை தொடக்கப்பள்ளி டீச்சராக இருந்தார். போன ஆவணியில் தவறிவிட்டார். முதல் வருஷத்துக்கு ஒரு சின்ன நினைவு மலர் போட ஆசை. தம்பியோ பள்ளிக்கூட வாசலில் ஆச்சிக்கு மார்பளவு சிலை வைக்கலாம் என்கிறான். அம்மாவிடம் ஆச்சியைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "அவ ஊருக்கெல்லாம் டீச்சர். எனக்கு எப்ப அம்மாவா இருந்தா?" என்று எழுந்து போய்விடுகிறாள். பெற்ற மகளே பேசாதபோது நான் என்னத்தை எழுத? என் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. யாருக்காக இந்த வேலை என்றும் சில நேரம் தோன்றுகிறது.
– பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: அன்புள்ள தோழிக்கு,

சிலைப் பேச்சை முதலில் முடித்துவிடுவோம். வேண்டாம். அனுமதி, ஊர்க்கூட்டம், "அந்த டீச்சருக்கு வைத்தால் இந்த சாருக்கு ஏன் இல்லை" என்று இழுத்துக்கொண்டே போகும். வைத்து முடித்தபின் காக்கைதான் கவனித்துக்கொள்ளும். தம்பிக்குச் செலவு செய்தே ஆகவேண்டும் என்றால், அது அரசுப் பள்ளியாக இருக்கும் பட்சத்தில், அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை தர, தமிழக அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டம் இருக்கிறது. தலைமை ஆசிரியரிடம் என்ன தேவை என்று கேட்டுவிட்டு அதன் வழியாகச் செய்யட்டும்.

இனி மலர். என் மேஜைக்கு வரும் நினைவு மலர்களில் முக்கால்வாசி, பெயரை மாற்றினால் வேறொருவருக்குப் பொருந்திவிடும். மாலை போட்ட படம், 'அன்பே உருவான அன்னை', பேரன் பேத்திகள் பட்டியல், ஒரு இரங்கல் கவிதை. காலையில் மணி அடித்ததிலிருந்து சாயங்காலம் மணி அடிக்கும்வரை அந்த அம்மாள் என்ன செய்தார் என்று ஒரு வரி இருக்காது. வீட்டு ஆட்கள் அதைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். பார்த்தவர்கள் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா பேசாவிட்டாலும் நீங்கள் எழுதலாம் என்று நான் சொல்வது அதனால்தான்.

அந்த மாணவர்களைத் தேடி உடனே ரயிலேற வேண்டாம். தாராவி, முலுண்ட், கல்யாண் பக்கம் உங்கள் ஊர்க்காரர்கள் இல்லாமலா போவார்கள்? ஒரு கல்யாண வீட்டில் விசாரித்தால் நாலு நம்பர் கிடைக்கும். ஆனால் "டீச்சர் எப்படிப்பட்டவங்க?" என்று மட்டும் கேட்காதீர்கள். "தங்கமான டீச்சர்" என்பார்கள், பேச்சு அத்தோடு நின்றுவிடும். "உங்க பிறந்த தேதியை யார் போட்டது?" என்று ஆரம்பியுங்கள்.

பிறப்புச் சான்றிதழ் யாரிடமும் இல்லாத காலம். ஜூன் மாதம் அப்பன் பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்து வருவான். பிள்ளை வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட வேண்டும். விரல் எட்டினால் அஞ்சு வயசு. எட்டாவிட்டால் அடுத்த வருஷம். எட்டிய பிள்ளைக்கு டீச்சர் மனக்கணக்காகப் பின்னால் போய் மே, ஜூன் என்று வாகான ஒரு தேதியைப் பதிவேட்டில் எழுதுவார். ஆச்சி எழுதிய அந்தத் தேதிதான் இன்றைக்கு அறுபது வயதுக்காரர்களின் ஆதாரிலும் பாஸ்போர்ட்டிலும் இருக்கும். அதை வைத்தே ரிட்டயர் ஆகியும் இருப்பார்கள். இதைக் கேட்டால் பேச்சு தானாக ஓடும்.

அப்புறம், கரும்பலகைக்குப் பூச யார் கோவை இலை பறித்து வந்தது, யார் அடுப்புக்கரி சேர்த்து அரைத்தது, அந்தப் பச்சைக் கையோடு வீட்டுக்குப் போய் யார் ஏச்சு வாங்கியது? 1982 ஜூலையில் எம்.ஜி.ஆரின் சத்துணவு வருவதற்கு முன் தட்டில் என்ன விழுந்தது? 1961 தொடங்கி நாலு ஜனக்கணக்கு ஆச்சியின் சர்வீசில் வந்திருக்கிறது. அந்த வேலையை வாத்தியார்கள் தலையில்தான் கட்டுவார்கள். ஆச்சிக்கும் வந்திருந்தால், ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கியிருப்பார். எந்த வீட்டுத் திண்ணை வரை, எந்த வீட்டு அடுப்படி வரை என்று கேளுங்கள். உங்கள் வட்டாரம் தீப்பெட்டி ஆபீஸ் வட்டாரம். அந்தக் காலத்தில் விடியுமுன்னே வண்டி வந்து பிள்ளைகளை வேலைக்கு ஏற்றிக்கொண்டு போகும். அப்படிப் போனதில் எத்தனை பேரை ஆச்சி அவரவர் வீட்டு வாசலில் நின்று சண்டை போட்டுத் திருப்பினார், எத்தனை பேரை விட்டுவிட்டார்? அடி வாங்கியவர் ஒருவரையும் பேச விடுங்கள். பிரம்பே எடுக்காத டீச்சர் என்று எழுதினால் ஊரில் சிரிப்பார்கள்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். ஆச்சியின் பெருமையைச் சொல்லி அவரை வழிக்குக் கொண்டுவரப் பார்க்காதீர்கள். அவர் பொய் சொல்லவில்லை. டீச்சர் மகள் அதே பள்ளியில் படித்தால் பெற்ற தாயையே "டீச்சர்" என்றுதான் கூப்பிட வேண்டும். பாரபட்சம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று முதல் அடியும் அவளுக்குத்தான் விழும். வீட்டுக்கு வந்தால் தாயின் மடியில் நோட்டுக் கட்டு.

பீரோவில் ஆச்சியின் பணிப்பதிவேட்டு நகல் இருக்கிறதா என்று பாருங்கள். எந்த வருஷம் எந்தப் பள்ளிக்கு மாற்றல், பிரசவ விடுப்பு எத்தனை நாள் என்று தேதியோடு இருக்கும். அம்மா பிறந்த வருஷத்துப் பக்கத்தை நீங்கள் மட்டும் முதலில் படியுங்கள். குழந்தையை யாரிடமோ விட்டுவிட்டு எத்தனை நாளில் ஆச்சி வேலைக்குத் திரும்பினார் என்று தெரிந்தபின் உங்கள் கேள்வியே மாறிவிடும். பிறகு ஆச்சியைப் பற்றிக் கேட்காதீர்கள், அம்மாவைப் பற்றிக் கேளுங்கள். "உனக்கு யாரும்மா தலை பின்னிவிட்டா?" என்று, கீரை ஆயும்போது, போனை வேறு அறையில் வைத்துவிட்டு. சொன்னால் அது மலரில் ஒரு பக்கம். அச்சுக்குப் போகுமுன் அவரிடம் படித்துக் காட்டுங்கள், வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள். பேசவே மாட்டேன் என்றாலும் விட்டுவிடுங்கள். ஆனால் அந்த இடத்தில் 'பாசமிகு தாய்' என்று நீங்களாக நிரப்பாதீர்கள். அவர் படிக்கப்போகிறார், மறக்காதீர்கள்.

பிள்ளைகளுக்கு வேலை இருக்கிறது. மாணவர்கள் பேசுவதை அவர்களே பதிவு செய்யட்டும், கேட்கத் தமிழ் போதும். ஆச்சி மும்பைக்குப் போட்ட இன்லேண்டு லெட்டர் ஏதாவது இருந்தால் அதையும் கையில் கொடுங்கள். மடிப்பு ஓரத்திலும் பசை ஒட்டும் விளிம்பிலும்கூட நுணுக்கி எழுதியிருப்பார். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ஆள், கடிதத்தில் யானைத் தும்பிக்கை போல் கொம்பு வளைந்த பழைய 'லை', 'னை' எல்லாம் வரும். பலகையில் புது எழுத்து, கடிதத்தில் பழைய எழுத்து என்று பழகியவர்கள் அந்தத் தலைமுறையில் நிறையப் பேர். உங்கள் மகளுக்கு அது புதிர் போல இருக்கும். எழுத்துக் கூட்ட ஆரம்பித்தால் ஆரம்பிக்கட்டும், கட்டாயப்படுத்த வேண்டாம்.

பள்ளிக்குப் போவதென்றால் கோடை லீவில் டிக்கெட் எடுக்காதீர்கள், பூட்டிக் கிடக்கும். தலைமை ஆசிரியருக்கு முன்கூட்டியே கடிதம் போடுங்கள். சேர்க்கைப் பதிவேட்டை நிரந்தரமாக வைத்திருக்க வேண்டும், பெரும்பாலும் இருக்கும். அதில் பிள்ளைகளின் சாதி முதற்கொண்டு எல்லாம் இருப்பதால் பக்கம் பக்கமாகப் படம் எடுக்க விடமாட்டார், விடவும் கூடாது. ஆச்சி கையெழுத்து இருக்கும் ஓரத்தை மட்டும் எடுத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். ஆவணிக்குள் மலர் முடியாவிட்டால் அடுத்த ஆவணிக்குப் போடுங்கள். 1959-ல் முதல் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது, அவர்களை மட்டும் இந்த மாதமே பார்த்துவிடுங்கள்.