‘செய்வார்’ என்றொரு இறந்தகாலம்

வணக்கம் சார்,

இரண்டு மாதத்துக்கு முன் என் பாட்டி காலமானார். வயது 81. பள்ளியில் 34 வருடம் கணக்கு டீச்சராக இருந்தவர். பாட்டியை நினைவு கூறும் சிறு மலர் ஒன்றை அச்சடித்து உறவினர்களுக்கும் அவருடைய பழைய மாணவர்களுக்கும் கொடுக்கலாம் என்று வீட்டில் முடிவானது. எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. மூன்று பக்கம் எழுதிவிட்டேன். ‘அன்பின் உருவம், பொறுமையின் சிகரம், அறிவொளி ஏற்றியவர்’ என்றெல்லாம். படித்துப் பார்த்தால் யாருடைய பாட்டிக்கும் பொருந்துகிறது. என் பாட்டியைக் காணோம்.

இன்னொரு சிக்கல். துக்கம் விசாரிக்க வந்த மாணவர்கள் சொன்ன டீச்சரை எனக்குத் தெரியவே தெரியாது. பயங்கரக் கண்டிப்பாம். செருப்புச் சத்தம் கேட்டாலே வகுப்பு அடங்கிவிடுமாம். என்னிடம் அவர் குரலை உயர்த்தியதே இல்லை. கண்டிப்பைப் பற்றி எழுத வேண்டாம் என்கிறார் அப்பா. தாத்தாவைக் கேட்டால் “நல்லவ” என்று ஒரே வார்த்தையோடு நிறுத்திக்கொள்கிறார். எதை எழுதுவது, எதை விடுவது?

அன்புடன்,
ஒரு வாசகி (பெயர் வேண்டாமே)

பி.கு.: பாட்டி அனுப்பிய வாட்ஸ்ஆப் குரல் செய்திகள் என் போனில் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் “சரி, வெச்சிடறேன்” என்று சொல்லித்தான் முடிப்பார். இன்னும் என்னால் அவற்றைக் கேட்க முடியவில்லை.

*

அன்புள்ள பேத்திக்கு,

பெயர் வேண்டாம் என்றீர்கள், அதனால் இந்த விளிப்பு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பாட்டி பின்குறிப்பில் இருக்கிறார். குரல் செய்தியில் ‘வைப்பதற்கு’ எதுவும் இல்லை, எதிர்முனையில் ஆளும் இல்லை. ஆனாலும் சொல்லாமல் கொள்ளாமல் விரலை எடுப்பது மரியாதை இல்லை என்று ஒருவர் நினைத்திருக்கிறார். அந்த ஒரு வரியில் எனக்கு அவர் தெரிந்துவிட்டார். (முதல் வேலையாக அந்தப் பதிவுகளைப் போனிலிருந்து எடுத்து வேறு இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். இப்போது கேட்க வேண்டாம். போன் மாற்றும்போது இப்படிப்பட்டதைத் தொலைத்துவிட்டுத் தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.)

‘பொறுமையின் சிகரம்’ பொய் என்று நான் சொல்லவில்லை. முதல் வாரத்தில், வாசலில் வந்து நிற்பவர்களிடம் பேச நமக்கும் ஏதாவது சொல் வேண்டியிருக்கிறது. அப்போதைக்கு அது போதும். ஆனால் வீட்டுக்குள், உங்களுக்குள்ளேயே பேசிக்கொள்ளும்போது யாராவது பாட்டியைச் சிகரம் என்கிறீர்களா? “கண்ணாடியை வீடு பூராத் தேடுவாங்க, அது தலையிலேயே இருக்கும்” என்கிற மாதிரிதானே பேசுவீர்கள். தேடுவாங்க, இருக்கும். வடிவத்தைப் பார்த்தால் இவை எதிர்கால வினைகள். நாளைக்கு வரப்போகிறவரைப் பற்றிச் சொல்லவும், போய்விட்டவர் அன்றாடம் செய்துவந்ததைச் சொல்லவும் தமிழில் நாம் ஒரே வினையைத்தான் எடுக்கிறோம். எனக்கு இது எப்போதும் ஆச்சரியம்தான்.

அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டின் (235) முற்பகுதி முழுக்க இந்த வினைகளால் ஆனது. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, தானும் மகிழ்ந்து உண்பான். நரந்தம் மணக்கும் தன் கையால், புலால் நாறும் என் தலையைத் தடவுவான். ஒவ்வொன்றின் முடிவிலும் ‘மன்னே’ என்று வரும். ‘மன்’ என்ற சொல்லுக்குத் தொல்காப்பியம் மூன்று பொருள் சொல்கிறது. அதில் முதலாவது கழிவு. அதாவது, அது போயிற்று. ‘எமக்கு ஈயும்’ என்றால் கொடுப்பான், அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு ‘மன்னே’ வந்ததும் கொடுத்த கை இல்லாமல் போகிறது. அதியமான் பெரிய வீரன். போர்க்களத்து வீரத்தைச் சொல்ல அவ்வையாருக்குத் தெரியாதா? வேறு பாட்டுகளில் நிறையவே சொல்லியிருக்கிறார். இந்தப் பாட்டில் அவருக்கு அந்தக் கையின் மணம் வேண்டியிருந்தது.

எனவே உங்கள் மூன்று பக்கத்தையும் ஓரமாக வைத்துவிட்டு, ‘பாட்டி’ என்று தொடங்கி ‘-வார்’ என்று முடியும் வாக்கியங்களாக ஒரு முப்பது எழுதுங்கள். அழகாக இருக்க வேண்டாம். அற்பமாக இருந்தால் இன்னும் நல்லது. அதில் பத்து தேறும்.

மாணவர்கள் சொன்ன டீச்சரைத் தெரியாது என்பதில் உங்களுக்கு ஒரு குற்ற உணர்ச்சி இருக்கிறதோ என்று தோன்றியது. அதற்கு அவசியமே இல்லை. பேரப்பிள்ளைகளுக்குக் கிடைப்பது ஒரு வாழ்க்கையின் கடைசிப் பகுதி மட்டும்தான். உ.வே.சாமிநாதையர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கச் சேர்ந்தது 1871இல். பிள்ளை மறைந்தது 1876இல். 1815இல் பிறந்த ஒரு மனிதரின் கடைசி ஐந்து வருடம்தான் அவருக்கு நேரில் தெரியும். மீதியைப் பலரிடமும் கேட்டுத்தான் சேர்த்தார். ஆசிரியரின் சரித்திரம் இரண்டு பாகமாக அச்சில் வந்தது 1933, 1934இல். அப்போது ஐயருக்கே எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது வயது. நீங்கள் இரண்டு மாதத்தில் முடியவில்லையே என்கிறீர்கள்! மலரை அவசரமாக அச்சடித்துத்தான் ஆக வேண்டுமென்றால் ஒரு பக்கத்தோடு நிறுத்துங்கள். மற்றதை மெல்ல எழுதலாம்.

அந்த மாணவர்களில் நாலு பேருக்குப் போன் செய்யுங்கள். “டீச்சர் எப்படி?” என்று கேட்டால் அவர்களும் சிகரம்தான் தருவார்கள். கணக்கைத் தப்பாகப் போட்டால் டீச்சர் என்ன செய்வார், கரும்பலகையில் எங்கிருந்து எழுத ஆரம்பிப்பார், யாரை எப்படிக் கூப்பிடுவார் என்று கேளுங்கள்.

கண்டிப்பை எழுதத்தான் வேண்டும். உங்கள் அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என நான்கு உவமை தரும் நன்னூல், ஆகாத ஆசிரியருக்கும் சளைக்காமல் நான்கு உவமை வைத்திருக்கிறது. பாடப்புத்தகமே வாத்தியாரைக் குறை சொல்லியிருக்கும்போது பேத்தி சொன்னால் என்ன? ஒரே ஒரு எச்சரிக்கை. அடியோ சொல்லோ பட்டு இன்னும் மறக்காத மாணவர் யாராவது இருந்தால், அதைத் தமாஷாக மாற்றி எழுதிவிடாதீர்கள். அவருக்கும் இந்த மலர் போகும். செருப்புச் சத்தத்தையும் ‘வெச்சிடறே’னையும் அடுத்தடுத்து வைத்தால் போதும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நீங்கள் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

அப்புறம் தாத்தா. “நல்லவ” என்பதை அவர் பேச மறுப்பதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கேள்வி பெரிதாக இருக்கிறது, அவ்வளவுதான். வயதானவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால் ஏறக்குறைய பத்து வயதிலிருந்து முப்பது வயது வரையிலான காலமே மிக அதிகமாக வரும் என்று உளவியலாளர்கள் கண்டிருக்கிறார்கள். அங்கே போய்க் கேளுங்கள். பாட்டி வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், முதல் சம்பளம், இருவரும் குடியிருந்த முதல் வீடு. கையில் ஒரு பொருளைக் கொடுத்துவிட்டுக் கேட்டால் இன்னும் சுலபம். பாட்டியின் பேனாவோ, கைக்கடிகாரமோ. ஒன்றும் சொல்லாவிட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

பல வருடங்களுக்கு முன் என் தமிழாசிரியை இறந்தபோது நானும் ஒரு சிகரக் கட்டுரை எழுதி, அவருடைய கணவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஓர் அலுவலகத்தில் கணக்கர். இலக்கியம் பக்கமே வந்தவர் இல்லை. நிதானமாகப் படித்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து ஒரு சொல்லுக்குக் கீழே கோடு போட்டார். ‘நினைவு கூறுகிறோம்’ என்று எழுதியிருந்தேன்.

“பெரிய ற இல்லப்பா, சின்ன ர. நினைவுகூர்கிறோம். கூர்ந்தான்னா மிகுதல்” என்றார். “ராத்திரி நோட்டுத் திருத்துறப்ப இந்த ஒரு தப்பைப் பார்த்தா மட்டும் அவளுக்கு அப்படியொரு கோபம் வரும். எனக்குச் சத்தமாப் படிச்சுக் காட்டுவா. நாப்பது வருஷமாக் கேட்டிருக்கேன்.”

கட்டுரை எப்படி இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். வாசல்வரை வந்தவர், விளக்கைப் போட்டுவிட்டு அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

உங்கள் கடிதத்திலும் ஓரிடத்தில் அந்தப் பெரிய ற இருக்கிறது. திருத்தாமல் அப்படியே வெளியிட்டிருக்கிறேன். மலரில் மட்டும் மாற்றிவிடுங்கள்.