புது ஷாக் மாட்டியும் ஏன் இந்த டொக் டொக்?

கேள்வி: என்னிடம் பழைய ஆல்டோ இருக்கிறது. பின்பக்க ஷாக் அப்சார்பர்களில் ஆயில் கசிந்ததால் நாலு மாதம் முன்பு ஒரு ஒர்க்‌ஷாப்பில் இரண்டையும் மாற்றினேன். இப்போது ஷாக்கின் கீழ்முனையில் இருக்கும் ரப்பர் புஷ் கிழிந்து, ஸ்பீடு பிரேக்கர் ஏறினாலே டொக் டொக் என்று சத்தம். பொருள்தான் மட்டமா? இந்த முறை நானே மாட்டலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: பொருள் மேல் பழி போடுமுன், கீழ் போல்ட்டை இறுக்கியபோது சக்கரம் தரையில் இருந்ததா, அந்தரத்தில் தொங்கியதா என்று விசாரியுங்கள். எனக்குச் சந்தேகம் அங்கேதான். புஷ்ஷின் நடுவில் ஒரு இரும்புக் குழாய், அதைச் சுற்றி ரப்பர். போல்ட்டை இறுக்கினால் அந்தக் குழாய், இரண்டு பின்சக்கரத்தையும் இணைக்கும் ஆக்ஸிலோடு நகராமல் பிடித்துக்கொள்ளும். சக்கரம் தொங்கும்போதே இறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் ஷாக்கின் கோணம் மாறி ரப்பர் முறுக்கிக்கொள்கிறது. நிறுத்தி வைத்திருக்கும்போதும் அந்த முறுக்கு விடாது, அதற்கு மேல் ஒவ்வொரு பள்ளமும் சேர்ந்து முறுக்க, சீக்கிரமே கிழிந்துவிடும்.

தாராளமாக நீங்களே மாட்டலாம். முதல் நாள் ராத்திரியே போல்ட்டில் துரு இளக்கும் ஆயில் அடித்து வையுங்கள். ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும், பின்பக்கம் தூக்கிவிட்டால் அது உதவாது; அதனால் கியரில் போட்டு, முன்சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். பாடிக்கு ஸ்டாண்ட், ஆக்ஸிலுக்கு அடியில் ஜாக்கி, இரண்டும் வேண்டும், ஏனென்றால் ஷாக்கைக் கழற்றியதும் ஆக்ஸில் கீழே இறங்கி பிரேக் ஹோஸை இழுத்துவிடும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகவே போகாதீர்கள்.

புது ஷாக்கை மாட்டுவதற்கு முன் நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை முழுசாக இழுத்து அமுக்குங்கள், படுத்துக் கிடந்ததில் உள்ளே புகுந்த காற்று வெளியேறி, பிடிப்பு ஒரே சீராக வரும். பளபளப்பான அந்தக் கம்பியில் பிளையர் படவே கூடாது, ஒரு கீறல் விழுந்தாலும் சீல் அறுந்து ஆயில் ஒழுகும்.

அப்புறம் கீழ் போல்ட்டைக் கையால் மட்டும் முடுக்கி, வண்டியைத் தரையில் இறக்கி, டிக்கியை இரண்டு மூன்று தடவை அமுக்கி விட்டு, அதற்குப் பிறகு மேனுவலில் உள்ள டார்க் (இறுக்கும் விசை) அளவுக்கு இறுக்குங்கள். கை எட்டவில்லையா? பாடி ஸ்டாண்டை விட்டு லேசாக எழும்பும் வரை ஆக்ஸிலை ஜாக்கியால் உயர்த்தி, அந்த நிலையில் இறுக்கினாலும் சரிதான்.

ஷாக்கில் ஆயில் கசிவு இல்லையென்றால், புஷ் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று முதலில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கேளுங்கள்.