நாகியோஸ் எஸ்எஸ்எல் பிழை: நீலகிரிக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

நாகியோஸ் என்பது கணினிகளைக் கண்காணிக்கும் மென்பொருள். அதன் சர்வரைப் புதிதாக மாற்றியவர்கள் கேட்டவை இவை. சர்வர் கேட்கும் செக்கை அந்தந்த மெஷினில் ஓட்டிப் பதில் அனுப்புவது என்ஆர்பிஇ. புது சர்வரில் என்ஆர்பிஇ 4, மூலைமுடுக்கில் ஓடும் பழைய மெஷின்களில் 2.15. இரண்டுக்கும் ஒத்துவரவில்லை.

கோத்தகிரி, தேயிலை ஃபேக்டரி: அண்ணா, விதரிங் (இலை வாட்டும்) பகுதியில் இருக்கிற பழைய லினக்ஸ் பெட்டி மட்டும் ஹேண்ட்ஷேக் பிழை (குறியாக்க இணைப்பு தொடங்கும்போதே வரும் பிழை) தருகிறது. செக்லெவலை (பாதுகாப்பு நிலை) 0 ஆக்கியும் பயனில்லை.

பதில்: பயன் இருக்காது தம்பி. 2.15 சான்றிதழ் இல்லாத டிஃபி-ஹெல்மேன் (டிஎச்) என்ற சாவி உருவாக்கும் முறையில் பேசுகிறது. சோர்ஸிலிருந்து அப்படியே கம்பைல் செய்திருந்தால் அதன் அளவு 512 பிட். 2016-இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எல் (குறியாக்க நூலகம்) 1.1.0 முதல் பாதுகாப்பு நிலை 1, சான்றிதழ் இல்லாத சைஃபர்களையே (குறியாக்க முறைகள்) ஒதுக்கிவிடும். நிலையை 0 ஆக்கினால் அந்தத் தடை போகும். ஆனால் 1024 பிட்டுக்குக் கீழே இருக்கும் டிஃபி-ஹெல்மேனை 0-விலும் அது ஏற்காது. 'டிஎச் கீ டூ ஸ்மால்' என்று லாக்கில் வந்தால் காரணம் இதுதான். பழைய பெட்டியில் 2048 பிட்டுக்கு டிஎச் கோப்பை மறுபடி உருவாக்கி, என்ஆர்பிஇயைத் திரும்பக் கம்பைல் செய்யுங்கள். முடிந்தால் 4-ஐயே ஏற்றுங்கள், அதுதான் நல்லது. 2.15-ஐ வைத்துக்கொண்டால், சர்வரில் செக்லெவல் 0-வோடு செக்_என்ஆர்பிஇ கட்டளைக்கு மைனஸ் 2-ம் (-2, பழைய வகை பாக்கெட்) கொடுங்கள். இல்லாவிட்டால் முதலில் புது வகை பாக்கெட்டை அனுப்பும். பழையது அதைத் தள்ளிவிட்டு லாக்கை நிரப்பும்.

ஊட்டி, விடுதி: எங்களுக்கும் அதே பிழைதான். மெஷின் புதுசு, என்ஆர்பிஇ 4.

பதில்: அப்போது வெர்ஷன் பிரச்சினை இல்லை. அந்த மெஷினின் சிஸ்டம் லாக்கான சிஸ்லாக்கில், இந்த ஹோஸ்ட் எங்களோடு பேச அனுமதி இல்லை என்று ஒரு வரி இருக்கும். அலவ்டு ஹோஸ்ட்ஸில் (யாரெல்லாம் பேசலாம் என்ற பட்டியல்) புது சர்வரின் ஐபியைச் சேர்த்து, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

கூடலூர்: போன மழையில் கரண்ட் போய் வந்ததிலிருந்து, சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்கிறது.

பதில்: முதலில் டேட் கட்டளை கொடுத்துத் தேதியைப் பாருங்கள். தேதி பல வருடம் பின்னே போயிருந்தால் மதர்போர்டு பேட்டரி தீர்ந்திருக்கிறது. பேட்டரியை மாற்றுங்கள், என்டிபியையும் (நேரத்தைத் தானே சரிசெய்வது) ஓட விடுங்கள்.

குன்னூர், பள்ளி: ஹேண்ட்ஷேக் பிழை வருகிறது சார், என்ன செய்ய?

பதில்: ஊட்டிக்குச் சொன்னதைப் படியுங்கள். லாக்கைப் பார்க்காமல் இதைக் கேட்காதீர்கள். ஒரே பிழைக்குப் பல காரணம் இருக்கிறது.

குன்னூர், எஸ்டேட்: இரண்டு பக்கமும் மைனஸ் என் (-n) போட்டேன், எல்லாம் பச்சையாகிவிட்டது. உள் நெட்வொர்க்குக்கு எதற்கு இத்தனை பாடு?

பதில்: இதைச் செய்யாதீர்கள் என்று கேட்கிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மைனஸ் என் போட்டால் குறியாக்கமே இல்லை. எந்தச் செக் ஓடுகிறது, என்ன பதில் வருகிறது, எல்லாம் வெறும் எழுத்தாகப் போகும்.

குன்னூர், எஸ்டேட்: நீங்கள் சொன்ன டிஃபி-ஹெல்மேனிலும்தான் எதிரே யார் என்று சரிபார்ப்பதில்லை. அப்புறம் என்ன வித்தியாசம்?

பதில்: நியாயமான கேள்வி. சான்றிதழ் இல்லாவிட்டால் நடுவில் புகுந்து ஆள்மாறாட்டம் செய்பவரைத் தடுக்க முடியாது, உண்மை. ஆனால் சும்மா ஒட்டுக்கேட்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. உங்கள் பங்களாவுக்கும் ஃபேக்டரிக்கும் நடுவே கேபிள் இருக்கிறதா?

குன்னூர், எஸ்டேட்: இல்லை, ரேடியோ லிங்க். பள்ளத்தைத் தாண்டி எதிர் மேட்டுக்கு.

பதில்: அப்போது அதை உள் நெட்வொர்க் என்று நம்பி விடாதீர்கள். அந்த லிங்கில் கைவைக்க முடிந்தவர் எல்லாவற்றையும் படிப்பார். கான்ஃபிக்கில் டோன்ட் பிளேம் என்ஆர்பிஇ என்ற அமைப்பை 1 ஆக்கியிருக்கிறீர்களா?

குன்னூர், எஸ்டேட்: ஆமாம், டிஸ்க் எச்சரிக்கை அளவை சர்வரிலிருந்தே அனுப்ப வசதி.

பதில்: இன்றைக்கே 0 ஆக்குங்கள். வெளியிலிருந்து வரும் ஆர்கியுமென்ட்டை வாங்கிக் கட்டளையோடு சேர்க்கிற வேலை அது. குறியாக்கமும் இல்லாமல் அதையும் திறந்து வைப்பது ஆபத்து. டிஸ்க் அளவை அந்தந்த மெஷினின் கான்ஃபிக்கிலேயே எழுதுங்கள். அப்புறம் சொந்தமாக ஒரு சிஏ (சான்றிதழ் வழங்கும் அமைப்பு) உருவாக்கி, சர்வருக்கும் மெஷின்களுக்கும் சான்றிதழ் கொடுத்து, மெஷின்களில் எஸ்எஸ்எல் கிளையண்ட் சர்ட்ஸ் என்ற அமைப்பை 2 ஆக்குங்கள். சான்றிதழ் காட்டாத யாருக்கும் என்ஆர்பிஇ பதில் தராது. 3-க்கு முந்தைய பதிப்புகளில் இந்த வசதி கிடையாது.

கொடைக்கானல்: ஜாபிக்ஸில் (வேறொரு கண்காணிப்பு மென்பொருள்) பிஎஸ்கே (முன்கூட்டியே பகிர்ந்த ரகசியச் சாவி) பொருந்தவில்லை.

பதில்: ஜாபிக்ஸை நான் ஓட்டுவதில்லை. ஐடென்டிட்டியும் கீயும் இரண்டு பக்கமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பாருங்கள். அதற்கு மேல் ஜாபிக்ஸ்காரரிடம் கேளுங்கள்.

ஊட்டி, கடை: ஹேண்ட்ஷேக் பிழை...

பதில்: சிஸ்லாக், அலவ்டு ஹோஸ்ட்ஸ். இரண்டையும் பார்த்துவிட்டு, லாக்கில் வந்த வரியோடு கேளுங்கள்.