கேமரா இல்லாமல் கடற்பாசியைப் படம்பிடித்தது எப்படி?

1840-களில் கேமராவே இல்லாமல் கடற்பாசிகளைப் படம் எடுத்தார்களாமே, எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாம் நிழல் செய்யும் வேலைதான்.

ஃபெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு என்ற இரண்டு இரும்புச் சேர்மங்களின் கரைசலையும் கலந்து காகிதத்தில் பூசி, இருட்டில் காயவைக்க வேண்டும். அதன்மேல் பாசியைப் பரப்பி, கண்ணாடியால் அழுத்தி வெயிலில் வைத்தால், வெளிச்சம் பட்ட இடத்தில் மட்டும் தண்ணீரில் கரையாத நீலம் உண்டாகும். அப்புறம் வெறும் தண்ணீரில் அலசினால் போதும்; பாசி மறைத்த இடத்துப் பூச்சு கரைந்துபோய் வெள்ளையாகிவிடும். மெல்லிய இழைகள் வழியே கொஞ்சம் வெளிச்சம் கசியும், அங்கே மட்டும் வெளிர்நீலம். கிளை, மடிப்பு எல்லாம் அசல் அளவிலேயே விழும்.

ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டுபிடித்த முறை இது. அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ், பிரிட்டிஷ் கடற்பாசிகளை இப்படிப் பதித்துப் புத்தகமாகப் பகுதி பகுதியாக வெளியிடத் தொடங்கிவிட்டார். ஒளிப்படங்கள் கொண்ட முதல் புத்தகம் அதுதான் என்பார்கள். எனக்குப் பிடித்தது அதன் எழுத்து: அச்சுக் கோக்கவில்லை, கையால் எழுதி அதையும் நீலத்திலேயே பதித்திருக்கிறார். பல பிரதிகள் எடுக்க உதவும் மூலப்படமான நெகட்டிவ் கிடையாது என்பதால் ஒவ்வொரு பிரதிக்கும் ஒவ்வொரு தாளையும் தனியாக வெயிலில் வைத்தாக வேண்டும். அதுவும் இங்கிலாந்து வெயிலில்!