வாசகர் கேள்வி – பதில்: எரிக்கப்போகும் குப்பைக்கு எதற்குத் தரம்பிரிப்பு?

கேள்வி: கெரவலப்பிட்டியில் கொழும்புக் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். அப்படியிருக்க, உக்கும் கழிவையும் உக்காததையும் நாங்கள் ஏன் பிரித்துக் கொடுக்க வேண்டும்? எரிப்பதும் சுழற்சிப் பொருளாதாரம்தானே?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: 2017 சித்திரைப் புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 30 பேருக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்ததை அறிந்தவர்கள், 2021 இல் இயங்கத் தொடங்கிய 10 மெகாவாட் மின்நிலையத்தைக் குறைகூறத் தயங்குவார்கள். திறந்தவெளியில் குவிப்பதைவிட அது மேலானதே. ஆயினும் அதைச் சுழற்சிப் பொருளாதாரம் என்பது பொருந்தாது. ஒரு பொருளை இயன்றவரை பயன்பாட்டிலேயே வைத்திருப்பதுதான் அந்த முறையின் அடிப்படை. எரிந்த பிளாஸ்டிக் ஒருமுறை வெப்பம் தந்ததோடு சரி, மறுபடி வாளியாகவோ குழாயாகவோ திரும்பாது, சாம்பலுக்கும் இடம் தேட வேண்டியிருக்கும்.

தரம்பிரிப்பு 2016 நவம்பரிலிருந்தே வலியுறுத்தப்படுகிறது. மின்நிலையம் வந்ததால் அதன் தேவை குறைந்துவிடவில்லை. நமது குப்பையில் பாதிக்கு மேற்பட்டது மரக்கறித் தோல், தேங்காய்ச் சக்கை, மிஞ்சிய சோறு போன்ற ஈரக் கழிவுதான். அது உலைக்குள் போனால், கிடைக்கும் வெப்பத்தில் ஒரு பங்கு அதிலுள்ள நீரை ஆவியாக்குவதிலேயே வீணாகிவிடும். காற்றுப் புகாத குப்பைமேட்டில் புதைந்தால் மீதேன் வாயுவாக வெளியேறும். தனியாகச் சேர்த்தாலோ கூட்டெருவாகவும் எரிபொருளாகப் பயன்படும் உயிரிவாயுவாகவும் மாறும். அதே வேளையில், குழம்பு ஊறிய கடதாசியைப் பழைய சாமான் வாங்குபவர் திரும்பியும் பார்க்கமாட்டார். ஆக, ஒரே பையில் கலக்கும்போது உக்குவதும் கெடுகிறது, உக்காததும் மதிப்பிழக்கிறது.

இதில் எனக்கு ஒரு கவலையும் உண்டு. பெருஞ்செலவில் கட்டிய உலைக்கு நாள்தோறும் தீனி போட்டாக வேண்டும் என்பதால், குப்பையைக் குறைப்பதில் நகரத்துக்குள்ள அக்கறை மெல்லத் தளர்ந்துவிடலாம். மாநகர சபை, உலைக்குப் போகும் எடையைவிட, உலைக்குப் போகாமல் மீட்கப்படும் எடையைக் கணக்கிட்டு வெளியிடுவதே பொருத்தமாகும்.

கேள்வி: தொடர்மாடியில் முற்றம் இல்லையே, கூட்டெரு செய்ய முடியுமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: முடியும். பக்கங்களில் துளையிட்ட, மூடியுள்ள இரண்டு வாளிகள் போதும். ஒன்று நிரம்பி உக்கிக்கொண்டிருக்கும்போது மற்றதில் போடலாம். ஒவ்வொரு முறையும் கழிவின்மேல் தும்புத்தூளையோ காய்ந்த இலையையோ தூவி, இடையிடையே கிளறிவிடுங்கள். ஈரம் மிகுந்து காற்று குறைந்தால்தான் நாற்றம் எழும். மீன், இறைச்சி எச்சங்களை இதில் போட வேண்டாம். அவற்றை நீர் வடித்து, உக்கும் கழிவோடு மாநகர சபை வண்டிக்கே கொடுத்துவிடுங்கள்.